உயிரணுவின் உலைகள்

“இது எங்கள் குடும்ப வியாதி, உம்மா வழியில் வந்தது” என்னும் பேச்சைக் கேளாத இல்லம் இன்று நம்மிடையே அரிது. பெரும்பாலும் நீரிழிவைப் பற்றியே இப்பேச்சு எழுகின்றது. இதனைச் சொல்வோரில் ஒரு சாரார் பெற்ற தாயின்மீது பழியைச் சுமத்துகின்றனர். மற்றொரு சாரார் விதியின்மீது பாரத்தைப் போட்டுவிட்டு வாளாவிருக்கின்றனர். இவ்விரு மனப்பான்மைகளும் ஆராய்ச்சியின்முன் நில்லா. இந்த உண்மையை, உயிரணுவுக்குள் உறையும் மிகச் சிறிய உறுப்பொன்றின் வரலாறு நமக்கு எடுத்துரைக்கின்றது. அவ்வுறுப்பின் பெயர் மைட்டோகாண்ட்ரியா. தமிழ்ப் பாடநூல்கள் இதனை ‘இழைமணி’ என வழங்குகின்றன.

இவ்வரலாற்றைச் சொல்லப் புகுமுன் நம் கண்முன் உள்ள ஒரு வட்டாரத்தை நினைத்துப் பார்ப்போம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது குருபரப்பள்ளி. கர்நாடக எல்லையை அடுத்த இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும். கேழ்வரகும் மாவும் விளையும் மண் இது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் குருபரப்பள்ளியிலும் தொழிற்பூங்கா தோன்றியது. களியுண்டு ஏர் பிடித்தோரின் பேரர்கள் இன்று இயந்திரத்தின்முன் நின்று பணியாற்றுகின்றனர். இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு திரும்புகின்றனர். இரண்டு தலைமுறைக்குள் இரத்தம் மாறிவிடவில்லை, மரபு மாறிவிடவில்லை. ஆயினும் பாட்டனார் அறியாத நோயைப் பேரன் முப்பத்தைந்து வயதில் அறிகின்றான். மரபு அதுவே என்றால், நோய் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடியே நாம் உயிரணுவுக்குள் நுழைகின்றோம்.

முன்னோர் கண்டது

நீரிழிவு புதிய நோயன்று. சுசுருதரின் பெயரால் வழங்கும் பண்டைய மருத்துவ நூல் இதனை மதுமேகம் எனக் குறித்தது. அரபு மருத்துவமும் இதனை நன்கறிந்திருந்தது. மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல் கானூன்’ என்னும் பெருநூலில் இந்நோயை விரித்துரைத்தார். தண்ணீர் இறைக்கும் சக்கரத்தைக் குறிக்கும் ‘தூலாப்’ என்னும் சொல் இந்நோய்க்கு ஒரு பெயராக வழங்கிற்று. குடிக்கும் நீரெல்லாம் நில்லாது வெளியேறுவதைக் கண்டோர் இட்ட பொருத்தமான பெயர் அது. பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீப் (1162–1231) நீரிழிவுக்கென்றே தனியொரு நூல் யாத்தார்.

இப்பெருமக்கள் நோயின் வெளித்தோற்றத்தைத் துல்லியமாகக் கண்டனர். தாகத்தையும் மெலிவையும் சோர்வையும் கண்டனர். ஆனால் உண்ட உணவு உடலுக்குள் எவ்விடத்தில் ஆற்றலாக மாறுகின்றது என்பதைக் காணும் கருவி அக்காலத்தில் இல்லை. அதற்கு உருப்பெருக்கி தோன்ற வேண்டியிருந்தது. உயிரணு என்னும் கருத்தும் பிறக்க வேண்டியிருந்தது.

இழையும் மணியும்

1890-ஆம் ஆண்டு ஜெர்மன் அறிஞர் ரிச்சர்டு ஆல்ட்மன், ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் சிறு துகள்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். அவை உயிரணுவுக்குள் குடியிருக்கும் தனித்தனிச் சிற்றுயிர்கள் என அவர் கருதினார். அன்று அக்கருத்தை ஏற்றோர் சிலரே. 1898-இல் கார்ல் பெண்டா அத்துகள்களுக்கு மைட்டோகாண்ட்ரியா எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘மைட்டோஸ்’ என்றால் இழை. ‘காண்ட்ரோஸ்’ என்றால் மணி. சில இடங்களில் நூலிழைபோல் நீண்டும், சில இடங்களில் மணிபோல் உருண்டும் அவை தோன்றியமையே அப்பெயருக்குக் காரணம்.

பெயரிட்ட நாளிலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது என்பதை வாசகர்கள் கருத வேண்டும். ஒரே உயிரணுவில் இழையும் உண்டு, மணியும் உண்டு. ஆனால் வடிவ வேற்றுமைக்கு அப்பால், தொழிலிலும் தரத்திலும் அவை வேறுபடக்கூடும் என்ற எண்ணம் ஆராய்ச்சி உலகில் வேரூன்ற முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சென்னையில் பயின்ற மேதை

இழைமணியின் தொழில் என்ன என்பதை அறியுமுன், அது விளைவிக்கும் பொருளை அறிய வேண்டியிருந்தது. அங்கே சென்னை மாநகரில் பயின்ற ஒருவரின் பெயர் ஒளிர்கின்றது.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயில்கையில், காந்தியடிகளின் அறைகூவலுக்கிணங்கக் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்திற்குச் சென்றார். அதனால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. 1923-இல் பாஸ்டன் நகரை அடைந்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டறிந்தார். 1929-இல் அவ்விருவரும் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியே அதனைக் கண்டறிந்திருந்தார்.

இந்த ஏ.டி.பி.தான் உயிரணுவின் செலாவணி நாணயம். இதயம் துடிப்பதும், கை நீள்வதும், மூளை சிந்திப்பதும் இந்நாணயத்தைச் செலவிட்டே நடைபெறுகின்றன. எந்த நேரத்திலும் நம் உடலிலுள்ள ஏ.டி.பி. கைப்பிடியளவே. ஆயினும் அது இடைவிடாது செலவழிந்து மீண்டும் மீண்டும் ஆக்கப்படுவதால், ஒரு நாளில் ஒரு மனிதன் புழங்கும் ஏ.டி.பி. ஏறத்தாழ அவனது உடல் எடைக்கு நிகராகும்.

இந்நாணயம் அச்சாகும் சாலை எது? 1948–49 ஆண்டுகளில் சிகாகோவில் யூஜின் கென்னடி, ஆல்பர்ட் லெனிஞ்சர் ஆகியோர் அதனை ஐயமற நிறுவினர். உணவை உயிர்வளியுடன் சேர்த்து மெல்ல எரித்து, அதில் வெளிப்படும் ஆற்றலை ஏ.டி.பி.யாகச் சேமிக்கும் உலை இழைமணியே. இரத்தச் சிவப்பணு நீங்கலாக நம் உயிரணுக்களில் இவ்வுலைகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் உள்ளன.

இவ்வுலைக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. தேவையறிந்தே அது எரிக்கும். ஏ.டி.பி. செலவழிந்தால் உலை வேகம் கொள்ளும். செலவழியாமல் தேங்கினால் உலை தணியும். எவ்வளவு விறகைக் கொண்டுவந்து குவித்தாலும், வேலை இல்லாத உலை விரைந்து எரிக்காது. இவ்வொழுங்கை 1955-இல் பிரிட்டன் சான்ஸ் என்பாரும் அவருடைய துணைவர்களும் அளந்து காட்டினர். படைத்தவன் ஒவ்வோர் உயிரணுவிலும் வைத்த சிக்கனத்தின் திறம் இது. இந்த ஒழுங்கை நினைவிற்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

உண்டும் மெலிந்த பெண்மணி

1962-இல் ஸ்டாக்ஹோம் நகரின் மருத்துவர் ரோல்ஃப் லுஃப்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு பெண்மணியின் நோயைப் பற்றி எழுதினர். சிறு வயது முதலே அப்பெண்மணிக்கு வியர்வை ஆறாய்ப் பெருகிற்று. மிகுதியாக உண்டும் உடல் மெலிந்தே இருந்தது. ஓய்ந்திருக்கும்போதும் அவருடைய உடல் பிறரைவிட இரு மடங்கிற்கும் மேலாக எரிபொருளைச் செலவிட்டது. தைராய்டு சுரப்பியின் கோளாறு என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சுரப்பியில் குறையில்லை. இறுதியில் தசையை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அவருடைய இழைமணிகள் தேவையறிந்து எரிக்கும் ஒழுங்கை இழந்திருந்தன. வேலை இருப்பினும் இல்லாவிடினும் அவை எரித்துக்கொண்டே இருந்தன.

ஒரு நோயின் மூலம் இழைமணியில் உள்ளது என மருத்துவ உலகம் கண்ட முதல் வரலாறு இதுவே. இத்தகைய இரண்டாவது நோயாளியைப் பற்றி 1971-இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக் கழக மருத்துவர்கள் எழுதினர். நோய் மிக அரிது; ஆனால் அது திறந்துவிட்ட வாயில் பெரிது.

தாய் தரும் நூல்

அதே காலத்தில் வேறொரு புதுமையும் வெளிப்பட்டது. 1963-இல் ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதியர், இழைமணிக்குள் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டனர். மரபு எழுதப்பட்ட நூல் உயிரணுவின் கருவில் மட்டுமே உண்டு என்றிருந்த எண்ணம் மாறிற்று. இழைமணிக்கும் தனக்கென ஒரு சிறு நூல் உண்டு! 1981-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் மனித இழைமணியின் நூலை முழுவதும் படித்து முடித்தனர். அதில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள்.

இச்சிறு நூல் யாரிடமிருந்து வருகின்றது? 1974-இல் இதற்கு விடை தந்தவை கோவேறு கழுதைகள். குதிரைத் தாய்க்கும் கழுதைத் தந்தைக்கும் பிறந்த கன்றின் இழைமணியில் குதிரையின் நூலே இருந்தது. கழுதைத் தாய்க்கும் குதிரைத் தந்தைக்கும் பிறந்ததில் கழுதையின் நூலே இருந்தது. தாயின் கருமுட்டையிலிருந்தே இழைமணிகள் வருகின்றன என்பது தெளிவாயிற்று. 1980-இல் மனிதக் குடும்பங்களிலும் இவ்வுண்மை உறுதி செய்யப்பட்டது.

உம்மாவின் பெயரைச் சொல்லிப் பழிப்போர் இவ்விடத்தில் மகிழ்ந்து, “பார்த்தீர்களா, விஞ்ஞானமும் அதைத்தானே சொல்கின்றது” எனக் கூறக்கூடும். அவசரம் வேண்டா. வரலாறு இன்னும் முடியவில்லை.

ஒரே அணுவில் இரு நூல்கள்

ஒருவருடைய உடலிலுள்ள இழைமணி நூல்கள் யாவும் ஒரே படி எடுத்தாற்போல் இருக்கும் என்பதே 1980-களின் இடைக்காலம் வரை பொதுவான நம்பிக்கை. 1988-இல் லண்டன் ஆய்வாளர்களான இயான் ஹோல்ட், அனிட்டா ஹார்டிங், ஜான் மார்கன் ஹியூஸ் ஆகியோர் இந்நம்பிக்கையை மாற்றினர். தசை நோயாளிகள் 25 பேரின் தசையை ஆராய்ந்ததில் 9 பேரிடம் இருவகை நூல்கள் கலந்திருந்தன. ஒன்று முழுமையானது, மற்றொன்று பெரும்பகுதி அறுந்துபோனது. அதே ஆண்டில் அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸ் குழுவினர், இளமையில் பார்வையைப் பறிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு இழைமணி நூலிலுள்ள ஓர் எழுத்துப் பிழை காரணம் எனக் கண்டனர்.

1990-இல் ஜப்பானிய அறிஞர்கள் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறி நிற்பதைக் கண்டனர். இளவயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்களை விளைவிக்கும் கொடிய நோய்க்கு அதுவே வேர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1992-இல், ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தனர். அக்குடும்பத்தில் தாய்வழியாக நீரிழிவும் செவிக்குறையும் சேர்ந்து வந்தன. காரணத்தைத் தேடினால், அதே 3243-ஆம் எழுத்து! ஒரே பிழை ஒருவருக்கு மூளையைத் தாக்கும் கொடுநோயாகவும், மற்றொருவருக்கு நீரிழிவாகவும், வேறொருவருக்கு எந்நோயும் இன்றியும் முடிவதெப்படி?

விடை கலப்பின் அளவில் உள்ளது. ஓர் உயிரணுவில் ஆயிரம் நூல்கள் இருந்தால், அவற்றுள் எத்தனை பிழையுடையன என்பதே நோயின் வன்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. பிழையுடையன குறைவாயின் நல்லவை வேலையை ஈடுசெய்துகொள்ளும். ஒரு வரம்பைத் தாண்டினால்தான் உலை அணையத் தொடங்கும். கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் குளூக்கோஸின் அளவை உணர்வதே ஏ.டி.பி.யைக் கொண்டுதான். அங்கே உலை தளர்ந்தால் இன்சுலின் குறையும், நீரிழிவு தோன்றும். மூளையிலும் தசையிலும் பிழை மிகுந்தால் வேறு நோய் தோன்றும்.

கேழ்வரகு விதைக்கும் உழவர் இதனை எளிதில் உணர்வர். குதிரில் நல்ல மணியும் பதர் மணியும் கலந்துள்ளன. அதிலிருந்து கைப்பிடி விதையை அள்ளுகின்றோம். ஒரு பிடியில் நல்லவை மிகுதி. அடுத்த பிடியில் பதர் மிகுதி. தாயின் கருமுட்டைகள் உருவாகும்போது இழைமணி நூல்களுள் ஒரு சிறு பகுதியே பங்காகச் செல்கின்றது. ஆதலால் ஒரே தாயின் பிள்ளைகளுள் ஒருவருக்குப் பிழை மிகுதியாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் அமைகின்றது. தாயின் ஒழுக்கமோ உணவோ கவனக்குறைவோ இப்பங்கீட்டைத் தீர்மானிப்பதில்லை. தன்னிடம் அப்பிழை இருப்பதையே அறியாமல் முழு நலத்துடன் வாழும் தாய்மார் உண்டு. அப்படியிருக்க, பழிக்கு இங்கே இடமேது?

இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். நீரிழிவு நோயாளர் நூறு பேரில் இவ்வெழுத்துப் பிழையால் நோயுற்றோர் ஏறத்தாழ ஒருவரே. எஞ்சியோரின் நீரிழிவில் தாய்வழி, தந்தைவழி இரண்டின் மரபும், வாழும் முறையும் கலந்தே செயல்படுகின்றன. ஆகவே “உம்மாவிடமிருந்து வந்தது” என்னும் தீர்ப்பு பெரும்பாலான இல்லங்களில் பொருந்தாத தீர்ப்பாகும். எனினும், ஒரு குடும்பத்தில் தாய்வழி உறவினர் பலருக்கு நீரிழிவுடன் இளவயதிலேயே செவிக்குறையும் இருக்குமாயின், அதனை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அங்கு வேறுபடக்கூடும்.

இடம் மாறினால் இயல்பும் மாறும்

வேறுபாடு நூலில் மட்டுமன்று. இருக்கும் இடத்திலும் உண்டு. 1977-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பால்மர், டாண்ட்லர், ஹாப்பல் என்னும் மூவர் எலியின் இதயத் தசையை ஆராய்ந்தனர். தசையணுவின் ஓரச் சவ்வை ஒட்டி ஒரு கூட்டம் இழைமணிகள். சுருங்கி விரியும் நார்களுக்கிடையே மற்றொரு கூட்டம். இரண்டையும் தனித்தனியே பிரித்து அளந்தபோது, எரிக்கும் வேகமே வேறுபட்டது! ஒரே அணு, ஆனால் வாயிலில் ஒரு வகை உலை, உள்ளே வேறு வகை உலை.

நீரிழிவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2005-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் கண்டனர். உடற்பருமன் உடையோரிடமும் நீரிழிவாளரிடமும் தசையணுவின் ஓரத்திலுள்ள இழைமணிகளின் செயலே பெரிதும் தாழ்ந்திருந்தது. இன்சுலின் வந்து சேதி சொல்வதும், சர்க்கரை உள்ளே நுழைவதும் அந்த ஓரத்தில்தான் என்பதை எண்ணினால், இதன் பொருள் விளங்கும்.

2018-இல் கலிபோர்னியாவில் ஓரியன் ஷிரிஹாய் குழுவினர் இன்னும் வியப்பான ஒன்றை வெளியிட்டனர். கொழுப்பணுவில் எண்ணெய்த் துளியை ஒட்டிக்கொண்டிருக்கும் இழைமணிகளும், விலகி உலவும் இழைமணிகளும் ஒரே பணியைச் செய்வதில்லை. விலகியவை கொழுப்பை எரிக்கின்றன. ஒட்டியவை ஏ.டி.பி. தந்து, கொழுப்பைக் கட்டிச் சேமிக்கவே துணைபுரிகின்றன. ஒரே கூரையின்கீழ் சேமிப்போனும் செலவிடுவோனும் சேர்ந்து வாழ்வதுபோன்ற நிலை இது. ‘இழைமணிகள் மிகுந்தால் நலம், குறைந்தால் நோய்’ என்று ஒரே வரியில் முடிவு கட்டுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்தியர் உடல் காட்டிய புதிர்

இவ்வாறு முடிவு கட்டும் ஆவல் நம்மவரைப் பற்றிய ஆராய்ச்சியிலும் தலைகாட்டிற்று. 2004-இல் யேல் பல்கலைக் கழகத்தில் கிட் பீட்டர்சன், ஜெரால்டு ஷுல்மன் ஆகியோர், நீரிழிவுப் பெற்றோரின் மெலிந்த இளம் பிள்ளைகளை ஆராய்ந்தனர். அவர்களுள் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதோரின் தசையில் இழைமணிச் செயல் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்திருந்தது. உலை தளர்ந்ததால் கொழுப்பு தேங்கி, இன்சுலின் செயல் தடைப்படுகின்றது என்ற விளக்கம் உலகெங்கும் பரவிற்று. அவ்வாறாயின், இன்சுலின் இணக்கம் குறைந்த இந்தியரின் உலைகள் பிறவியிலேயே தளர்ந்தவை போலும் என எண்ண இடமுண்டாயிற்று.

இதனைச் சோதித்தார் மேயோ மருத்துவ நிலையத்தின் ஆய்வாளர் கே. ஸ்ரீகுமாரன் நாயர். நீரிழிவுள்ள இந்தியர் 13 பேர், நீரிழிவற்ற இந்தியர் 13 பேர், வட ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர் 13 பேர் ஆகியோரின் தசையை அவருடைய குழு அளந்தது. முடிவு 2008-இல் வெளியாயிற்று. இந்தியரின் இழைமணிகள் தளர்ந்தவையல்ல, அமெரிக்கருடையவற்றைவிட ஏ.டி.பி. ஆக்கும் ஆற்றல் மிக்கவை! நீரிழிவுள்ள இந்தியருக்கும் அற்ற இந்தியருக்கும் இதில் வேறுபாடில்லை. ஆயினும் இந்தியர் இருசாராரும் இன்சுலினுக்கு இணங்காதவராகவே இருந்தனர்.

இங்கேதான் குருபரப்பள்ளியைப் பற்றி எழுப்பிய வினாவுக்கு விடை துளிர்க்கின்றது. நம்மிடம் உள்ள உலை வலியது. ஆனால் வலிய உலையும் தேவையறிந்தே எரிக்கும் என முன்னர்க் கண்டோம். ஏர் பிடித்த காலத்தில் தசை கேட்டது, உலை எரித்தது, உண்ட களி ஆற்றலாயிற்று. இன்று தசை கேட்பதில்லை. ஆனால் சோறும் பரோட்டாவும் இனிப்புத் தேநீரும் வந்து குவிகின்றன. ஸ்வீடன் பெண்மணியின் உடல் கேளாமலே எரித்து மெலிந்தது. நம் உடல் கேளாததால் எரிக்காமல் தேக்குகின்றது. அரிய நோயொன்று பொது நோயை விளக்க உதவும் விந்தை இது.

உறக்கமும் இதில் சேர்ந்தது. சுழல்முறை இரவுப் பணியில் ஆண்டுகள் கூடக் கூட நீரிழிவும் கூடுவதை 2011-இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் பற்றிய ஆய்வு காட்டிற்று. ஆலை வேலையை விட்டுவிட எவரும் சொல்லவில்லை. அவ்வேலை பல இல்லங்களில் அடுப்பெரியச் செய்துள்ளது. ஆனால் அவ்வேலையின் விலையை அறிந்து வாழ வேண்டும் என்கின்றோம்.

நடையின் பயன்

1967-இல் ஜான் ஹாலோசி என்னும் அமெரிக்க அறிஞர் எலிகளை நாள்தோறும் ஓடப் பழக்கினார். சில வாரங்களில் அவற்றின் தசை இழைமணிகளின் எரிக்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உலைகள் கல்லில் செதுக்கியவையல்ல, பழக்கத்தால் பெருகுவன. அதுமட்டுமன்று. இழைமணிகள் ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் வாழ்வன. பிரியும்போது தளர்ந்தவை ஒதுக்கப்பட்டு உயிரணுவாலேயே அழிக்கப்படுகின்றன. இவ்வுண்மையை 2008-இல் ஆய்வாளர்கள் விளக்கினர்.

இவற்றை மக்களிடம் சோதித்த பெருமை நம் சென்னைக்கு உண்டு. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய ஊர் அது. அங்கே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 சதவீதம் பேர் நீரிழிவாளராயினர். நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டோரில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மருந்து மட்டும் உண்டோரில் 40.5 சதவீதம். நடை, மாத்திரைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று! இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவாளர் என 2023-இல் வெளியான பேராய்வு மதிப்பிட்டுள்ள நிலையில், இக்கணக்கு ஒவ்வொரு குடும்பத்தின் சுவரிலும் எழுதத் தக்கது.

ரமளான் நோன்பைப் பற்றியும் ஒரு சொல். பசித்திருக்கும் நேரத்தில் உயிரணுக்கள் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கத் திரும்புகின்றன. நலமுள்ளோருக்கு இது இயல்பான மாற்றம். ஆனால் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவாளரிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை திடீரெனத் தாழ்வதும் மிகுவதும் நோன்புக் காலத்தில் கூடியது தெரிந்தது. எனவே இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளல் கடமை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் புறக்கணிப்பது பக்தியாகாது. நாளெல்லாம் ஒடுக்கிய வயிற்றை இஃப்தாரில் சமோசாவாலும் சர்பத்தாலும் நிரப்புவதும் நோன்பின் நோக்கமாகாது.

புதிய வாயிலும் புதிய வினாவும்

இழைமணி நூலில் கொடிய பிழையுடைய தாய்மாரின் பிள்ளைகளைக் காக்க, வேறொரு பெண்ணின் கருமுட்டையிலுள்ள நல்ல இழைமணிகளைப் பயன்படுத்தும் முறைக்கு 2015-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இசைவளித்தது. இம்முறையால் ஏழு தாய்மாருக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக நியூகாசில் மருத்துவர்கள் 2025-இல் அறிவித்தனர்.

கண்ணீர் வடித்த தாய்மாருக்கு இது பெரும் ஆறுதலே. ஆனால் வம்சத் தூய்மையைப் பேணும் நம் மார்க்கத்தில் இது எளிய வினாவன்று. 1986-இல் அம்மானில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கருவாக்கத்தில் கணவன் மனைவியரைத் தவிர மூன்றாமவரின் முட்டையோ விந்தோ சேர்வதை மறுத்தது. கருவிலுள்ள பெருநூலைத் தொடாமல் 37 மரபணுக்களை மட்டும் தரும் முட்டை அம்மறுப்பில் அடங்குமா என்பதை விஞ்ஞானம் அறிந்த ஆலிம்களும், மார்க்கம் அறிந்த மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும்.

முடிவுரை

ஆல்ட்மன் துகள்களைக் கண்ட நாள் முதல் இன்றுவரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இத்தேடல் கற்பித்த பாடம் ஒன்றே. ஓர் உயிரணுவுக்குள்ளேயே உலைகள் ஒரே தன்மையனவாக இல்லை. பிழையுடையதும் நல்லதும், ஓரத்ததும் உள்ளதும், சேமிப்பதும் செலவிடுவதும் அங்கே கலந்து வாழ்கின்றன. எது மேலோங்குகின்றது என்பதிலேயே நலமும் நோயும் அமைகின்றன. ஓர் அணுவுக்கே ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிக்க இயலாதபோது, ஒரு தாய்க்கோ ஒரு குடும்பத்திற்கோ ஒரு சமுதாயத்திற்கோ ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிக்க நாம் யார்?

பெற்றவளைப் பழிக்கும் நாவை அடக்குவோம். அவள் நமக்குத் தந்த உலை வலியது என்றே ஆராய்ச்சி கூறுகின்றது. அதற்கு வேலை தருவது நம் பொறுப்பு. சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் கால்கள், தொழுகை முடிந்ததும் வீடு திரும்பாமல் இன்னும் அரைமணி நேரம் நடக்கட்டும். நம் இல்லத்துப் பெண்களும் அவ்வாறே நடப்பதற்கு நேரமும் வழியும் நாம் ஏற்படுத்தித் தருவோமாக.